ஞாபகமில்லாத டி.வி.

ஏனுங்க, சித்த அக்கட்டால நகந்துக்கறீங்களா? பொட்டி பெருசா இருக்குது, கால மடக்க எடமில்ல. மேல வெச்சா கவுந்தப்பாடி திருப்பத்துல உருண்டு யார் மண்டையிலாவது விழுந்துரும். கண்டக்டரு இதுக்கும் ஒரு டிக்கெட்டு கிழிச்சுட்டாரு, அதனால நம்ம சீட்டுல மூணாவது ஆளுன்னு நெனச்சுக்குங்க.

டி.வி. தானுங்க. முப்பத்திரண்டு இஞ்சு. ஸ்மார்ட் டி.வி.யான்னு கேக்கறீங்களா? அதான் இல்லீங்க! சாதா. சுவிட்ச போட்டா வரும், அமுத்துனா போயிரும். நேத்து யாரு என்ன பாத்தாங்க, எதுல பாதியில எந்திரிச்சுப் போனாங்க, ஒண்ணும் இதுக்குத் தெரியாது. இப்படி ஒண்ணத் தேடிப் புடிக்க நா ரெண்டு வாரமா கோபிக்கும் ஈரோட்டுக்கும் அலைஞ்சிருக்கறனுங்க. நீங்க எங்க போறீங்க, சத்தியமங்கலமா? அப்ப நா கோபில எறங்குற வரைக்கும் நேரமிருக்குது, கேளுங்க.

என்ற பேரு சென்னியப்பன். முப்பத்தொரு வருசம் பி.டி. மாஸ்டரா இருந்து ரிட்டயரானவன். நா மைதானத்துல எறங்குனா எண்ணூறு பசங்க லைன்ல நிப்பாங்க. ஊட்லயும் அதே ஒழுங்குதானுங்க. என்ற பொண்ணு தாரணி பிளஸ் டூ வந்தப்ப, சீரியல்னு ஒண்ணு இந்த ஊட்ல ஓடப்படாதுன்னு சொல்லிப்போட்டன். எங்கூட்டுக்காரி ருக்குமணி அப்ப ஏதோ ஒரு கதைய விடாம பாத்துட்டு இருந்தா. "ஏனுங்க, இன்னும் ரெண்டு வாரத்துல முடியுதாமா, அது வரைக்கும் பாத்துக்கறனே"ன்னு கேட்டா. நா கேபிள் ஒயரப் புடுங்கி, சுருட்டி, மேல அட்டாலில போட்டுட்டன். அதுக்கப்பறம் ஒரு வார்த்த பேசோணுமே? பேசலீங்க. அப்படி ஒரு கட்டுப்பாடு. பெத்தவங்க கூட்டத்துல கூட இத எடுத்துச் சொல்லி மைக்ல பேசியிருக்கறன். எல்லாரும் கை தட்டுனாங்க.

பொண்ணு படிச்சு, கோயமுத்தூர்ல வேலைக்குப் போயி, போன வருசம் தீவாளிக்கு ஒரு ஸ்மார்ட் டி.வி. வாங்கிட்டு வந்துட்டா. சொவுத்துல பாதி இருக்குமுங்க. "அப்பா, இனி உங்களுக்கு பொழுது போகும்"னா. ஆளுக்கொரு பேரு போட்டு வட்டம் வட்டமா வெச்சுக் குடுத்தா. ஒரு வட்டத்துல 'சென்னியப்பன்', ஒரு வட்டத்துல 'ருக்குமணி', ஒண்ணுல 'தாரணி'. அம்மாவுக்குப் புரியோணும்னு எல்லாத்தையும் தமிழ்லயே மாத்தி வெச்சுட்டா. உள்ள போறப்ப 'யார் பார்க்கிறீர்கள்?'னு கேக்கும். கேட்டா சொல்லித்தானே ஆவோணும். நா பொய் சொல்றவன் இல்லீங்க, என்ற பேர அமுத்துனன்.

ருக்குமணிக்கு போஸ்டாபீசுல வேலை. ஒம்பது மணிக்குப் போனா திரும்பறதுக்கு அஞ்சாயிரும். அது வரைக்கும் நானும் அந்த டி.வி.யும்தான். ஒரு நாளு கபடி பாத்துட்டு இருந்தனுங்க. ஆட்டம் முடிஞ்சுது. ரிமோட்டு எங்கியோ தலகாணிக்கு அடியில கெடக்குது. அதுக்குள்ள அதுவா ஒரு சீரியல ஓட்ட ஆரம்பிச்சுருச்சு. 'வாசுகி வந்த வாசல்'னு பேரு. நானா போடலீங்க, அத மட்டும் நல்லா மனசுல வெச்சுக்குங்க. சரி, இந்த சீரியலுங்கள்ல அப்படி என்னதான் நாசமாப் போறதக் காட்டறாங்க, தெரிஞ்சுக்காம பேசப்படாது பாருங்கன்னு சித்த நேரம் பாத்தன்.

நானூத்திப் பன்னண்டு எபிசோடு.

சிரிக்காதீங்க! ஒண்ணு முடிஞ்சா அஞ்சு செகண்டுல அடுத்தத அதுவே போட்டுருதுங்க. மனுசன் எந்திரிக்க நேரங் குடுக்கோணுமில்ல? அதுலயும் அந்த மாமியாக்காரி திலகவதி பண்றது சுத்த அநியாயமுங்க. மருமகளோட வளைகாப்பு அன்னிக்கு எந்த மாமியாளாவது வளையலக் கொண்டு போயி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெப்பாளா? புருசங்காரன் ஒருத்தன் இருக்கறான், ரகுபதின்னு, வாயத் தொறக்க மாட்டான். எனக்கு அவனப் பாத்தா பத்திக்கிட்டு வரும். நீ ஒரு வார்த்த சொல்லுடான்னு நா இங்கிருந்து கத்துவன். இல்ல, நா எதுக்குச் சொல்றன்னா, சீரியலுங்க எவ்வளவு மட்டமா இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியட்டும்னு.

அஞ்சு மணிக்கு ருக்குமணி வண்டிச் சத்தங் கேட்டா நியூசுக்கு மாத்திருவன். அவ வந்து காப்பி போட்டுக் குடுத்துட்டு, "பகல் பூரா நியூசுதானுங்களா?"ம்பா. "நாட்டு நடப்பு தெரியோணுமில்ல"ம்பன். எல்லாம் நல்லாத்தானுங்க போயிட்டு இருந்துச்சு.

இந்த நெலமையில தாரணிக்கு காங்கயத்துல இருந்து ஒரு எடம் வந்துச்சு. பையன் பேரு கோகுலநாதன், அவளோட கம்பெனிக்குப் பக்கத்துக் கம்பெனி. பையனோட அப்பா மாரப்பன், கூட்டுறவு சங்கத்துல செயலாளரா இருந்து ஓய்வானவரு. அம்மா சுலோச்சனா. நல்ல மரியாதப்பட்ட குடும்பம். ஒரு ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வந்தாங்க. ருக்குமணி விடிய எந்திரிச்சு ஒப்புட்டு சுட்டு வெச்சிருந்தா.

மாரப்பன் அதிகமா பேசாத ஆளு. துண்ட மடியில போட்டுக்கிட்டு நேரா உக்காந்திருந்தாரு. அவருக்கேத்த மாதிரி பேசோணுமேன்னு நா ஆரம்பிச்சனுங்க. "எங்கூட்ல பாத்தீங்கன்னா ஏழு வருசமா சீரியல் கெடையாது. அந்தக் கழிசடைய உள்ள உடறதில்ல. அதனாலதான் புள்ள இப்படி வளந்திருக்கறா"ன்னன்.

"அப்படீங்களா?"ன்னாரு மாரப்பன்.

"அந்தக் கண்ட்ரோல் இருந்தாத்தானுங்க குடும்பம்"னன்.

ருக்குமணி ஒப்புட்டுத் தட்ட வெச்சுட்டு தல குனிஞ்சு நின்னா. எனக்கு அப்படியே நெஞ்சு நிமுந்துருச்சுங்க. அத்தோட உட்டிருக்கலாம். தாரணி காலேஜுல நானூறு மீட்டர் ஓட்டத்துல ஜெயிச்ச வீடியோ அவ போன்ல இருக்குது. அந்தம்மா அதப் பாக்கோணும்னு கேட்டாங்க. போன்லயே காட்டியிருக்கலாமுங்க. நாந்தான், "சின்னதுல என்னத்தப் பாக்கறது, டி.வி.ல பெருசாப் போடு கண்ணு"ன்னன்.

போட்டா.

'தொடர்ந்து பார்க்க, சென்னியப்பன்'னு வந்துச்சுங்க. ஒவ்வொரு எழுத்தும் என்ற உள்ளங்கை அகலம். அதுக்குக் கீழ வாசுகி நிக்கறா, கண்ணுல தண்ணியோட. 'எபிசோடு 412.' அதுக்கடியில செவப்புக் கோடு பாதி வரைக்கும். அதுக்கும் கீழ, 'நீங்கள் விரும்பிப் பார்ப்பதால்'னு போட்டு, வரிசையா பத்துப் பன்னண்டு மருமகளுங்க.

தாரணி பதறிப்போயி ரிமோட்டத் தட்டுனா. தட்டுனது தப்பான பட்டனு. சீரியலு நா உட்ட எடத்துல இருந்து ஓட ஆரம்பிச்சுருச்சுங்க. ஆஸ்பத்திரி. கட்டில்ல யாரோ தலையோட போர்வைய மூடிப் படுத்திருக்கறாங்க. திலகவதி கதவோரமா நின்னு, "இவர் உயிரோட இருக்கறது வாசுகிக்குத் தெரியவே கூடாது"ங்கறா. ஊடு பூரா அந்தச் சத்தம். நிறுத்தறதுக்குள்ள ஒரு நிமிசம் ஓடியிருக்குமுங்க. எனக்கு ஒரு யுகமாட்ட இருந்துச்சு.

நா என்ன பண்ணுனன்னா, ருக்குமணியப் பாத்து, "என்ன ருக்கு, நீ இதையெல்லாமா பாக்கற?"ன்னுட்டன்.

அவ என்னைய நிமுந்து பாத்தா. கோவமா பாத்திருந்தாக்கூட பரவால்லீங்க. சாதாரணமாத்தான் பாத்தா. "நா பகல்ல போஸ்டாபீசுல இருக்கறனுங்க"ன்னு மட்டுஞ் சொன்னா. காப்பி எடுத்துட்டு வர உள்ள போயிட்டா.

மாரப்பன் துண்ட எடுத்து வாயத் தொடச்சுக்கிட்டாரு. அந்தம்மா மேல சுத்தற பேனப் பாத்தாங்க. பையன் கீழ தரையப் பாத்தான், தோளு ரெண்டும் குலுங்குது. ஓட்டப்பந்தய வீடியோவ அதுக்கப்பறம் யாரு பாத்தாங்க? காப்பி குடிச்சாங்க, "போயிட்டுச் சொல்லியனுப்பறம்"னாங்க, போயிட்டாங்க.

கார் திரும்பறதுக்குள்ள தாரணி சோபாவுல உழுந்து உழுந்து சிரிக்கறா. "அப்பா, நானூத்திப் பன்னண்டாப்பா!"ங்கறா. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் பயமே இல்லீங்க. உன்ற கல்யாணம்டி போச்சுன்னு நா தலையில கைய வெச்சு உக்காந்திருக்கறன், அவ சிரிக்கறா. அன்னிக்கே கோயமுத்தூரு கெளம்பிப் போயிட்டா.

ருக்குமணி மூணு நாளு பேசல. சோறு போடுவா, தண்ணி வெப்பா, வேலைக்குப் போவா. பொண்ணு பாக்க வந்த ஒறம்பரை முன்னால மானம் போச்சேன்னுதான் அவளுக்கு வெசனம், வேறென்ன இருக்கப்போவுதுன்னு நா நெனச்சன். நாலாம் நாளு நானே ஆரம்பிச்சன். "எல்லாத்துக்கும் இந்த டி.வி. தான் காரணம் ருக்கு. ஊட்ல நடக்கறத நாலு பேருக்குச் சொல்ற பொருள ஊட்ல வெச்சிருக்கலாமா? இதத் தூக்கிப் போட்டுட்டு சாதா டி.வி. ஒண்ணு வாங்கிரலாம்"னன்.

அவ துணி மடிச்சுட்டு இருந்தா. மடிச்சத அப்படியே வெச்சுட்டு, "அன்னிக்கு ஒயரப் புடுங்குனீங்களே, அந்தக் கதை எப்படி முடிஞ்சுதுன்னு எனக்கு இன்னும் தெரியாதுங்க"ன்னா. "ஆபீசுல அத்தன பேரும் பாத்தாங்க. முடிவச் சொல்ல வந்தாங்க. எங்கூட்ல பாக்கறதில்ல, எனக்குச் சொல்லாதீங்கன்னுட்டன். நீங்க சொன்னீங்கன்னுதான் அப்படி இருந்தன். ஏழு வருசமுங்க."

அப்பறம் மறுக்கா துணிய எடுத்து மடிக்க ஆரம்பிச்சுட்டா.

நா ரகுபதியாட்ட நின்னுட்டு இருந்தன்.

அன்னிக்கே ஒரு பெட்சீட்ட எடுத்து அந்த டி.வி. மேல போத்தி உட்டுட்டன். தொடறதில்லைன்னு முடிவு. ஆனா மத்தியானம் ஆச்சுன்னா கையி அதுவாப் போவுதுங்க. ஆஸ்பத்திரில போர்வைக்குள்ள யாருன்னு பாதியிலயே நிக்குது பாருங்க. ரெண்டு தடவ பெட்சீட்டோட முனைய தூக்கிட்டன். அதுக்கப்பறம்தான், இனி இது ஊட்ல இருக்கப்படாது, பொண்ணே கோயமுத்தூருக்கு எடுத்துட்டுப் போயிக்கட்டும்னு சாதா டி.வி. தேடக் கெளம்புனனுங்க.

கெடைக்குங்கறீங்களா? கோபில மூணு கடை. எல்லா எடத்துலயும் "ஸ்மார்ட்டுதான் சார், வேற இப்ப வர்றதில்ல"ங்கறாங்க. ஈரோட்டுல மணிக்கூண்டு சுத்தி ஏறாத படி இல்ல. ஒரு கடையில ஒரு பொண்ணு நல்லா பொறுமையா கேட்டுச்சு. "சார், ஸ்மார்ட்டையே வாங்குங்க, நெட்டு மட்டும் குடுக்காதீங்க. அது சாதாவாத்தான் இருக்கும்"னுச்சு.

"அது எப்படிம்மா? நெட்டுதான் ஊட்ல இருக்குதே"ன்னன்.

"நீங்க கனெக்ட் பண்ணாம இருந்தாப் போதும் சார்."

"என்னால முடியாதும்மா"ன்னுட்டன். பாருங்க, வாயில இருந்து பட்டுன்னு வந்துருச்சு.

இன்னொரு கடைக்காரன், "யாருக்கு சார், பெரியவங்களுக்கா?"ங்கறான். ஆமாப்பான்னு சொல்லிட்டு வந்துட்டன். வேற என்ன சொல்ல?

காங்கயத்துல இருந்து சத்தமே இல்ல. ஒரு வாரம் போச்சு, ரெண்டு வாரம் போச்சு. நாமளே கூப்புட்டுக் கேக்கலாம்னா, எந்த மூஞ்சிய வெச்சுக் கேக்கறது? 'கண்ட்ரோல்'னு சொல்லியிருக்கறனே அவருகிட்ட! தாரணிகிட்டக் கேட்டா, "பாக்கலாம்ப்பா"ங்கறா. ருக்குமணி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்றா. இருவது நாளா வெந்த சோறு எறங்கலீங்க எனக்கு.

இன்னிக்குக் காத்தால ஈரோட்டுல ஈஸ்வரன் கோயில் வீதியில ஒரு சந்துக்குள்ள, கேமரா மாட்டிக் குடுக்கற கடை ஒண்ணப் பாத்தன். மண்டபம், மில்லு, கடைகண்ணில எல்லாம் மாட்டறாங்களே, அது. அங்க இருக்குதுங்க சாதா டி.வி.! அட்டப் பொட்டியோட அடுக்கி வெச்சிருக்கறான். கேமராவுல தெரியறதப் பாக்க சாதாவே போதுமாமா. கடைக்காரன் கேட்டான், "எத்தன கேமராங்க?"

"கேமரா ஒண்ணும் வேண்டாம். என்னைய யாரும் பாக்காம இருந்தாப் போதும்"னன்.

அவனுக்கு ஒண்ணும் வெளங்கல. இருந்தாலும் பிரிச்சு, ஒயரு சொருகி, ஓட்டிக் காட்டுனான். அந்நேரம் பாத்து என்ற போனு அடிக்குது. பாத்தா, மாரப்பன்.

வேண்டாம்னு சொல்லத்தான் கூப்புடறாருன்னு, கடையோட மூலைக்குப் போயி ஒரு ஸ்டூலப் புடிச்சு உக்காந்துட்டன். "சொல்லுங்க"ன்னன்.

"சம்பந்தி, தனியா இருக்கறீங்களா?"ங்கறாரு, ரகசியக் கொரல்ல.

சம்பந்தி! நா கேட்டது சரிதானான்னு எனக்கு சந்தேகம். "என்னதுங்க?"ன்னன்.

"இல்ல, பக்கத்துல ஆளு இருந்தா அப்பறம் பேசலாம்."

"யாரும் இல்லீங்க, சொல்லுங்க."

"அந்த ஆஸ்பத்திரில போர்வைய மூடிப் படுத்திருந்தது யாருங்க?"

நா ஸ்டூல உட்டு எந்திரிச்சுட்டன். அவரே மேல பேசறாரு:

"நா நானூத்தி எட்டு வரைக்கும் பாத்துட்டனுங்க. அதோட பணங் கட்டுன நாளு முடிஞ்சுபோச்சு. பையன்தான் கட்டோணும், அவன்கிட்டப் போயி எப்படிக் கேக்கறது? அவனுக்கு நா பாக்கறதே தெரியாது. உங்கூட்ல அன்னிக்குப் பாத்ததுல இருந்து மனசு அங்கயே நிக்குதுங்க. சுலோச்சனா முன்னால கேக்கவும் முடியாது."

"நானும் அதுக்கு மேல பாக்கலீங்க. ஆனா எனக்குத் தெரிஞ்சு அது திலகவதியோட அண்ணங்காரன்"னன். "ஆத்துல போயிட்டான்னு சொன்னாங்களே."

"அடடா! நானும் அப்படித்தானுங்க நெனச்சன்! அவன் செருப்பு மட்டுந்தானே கெடைச்சுது!"ன்னு அந்த மனுசன் ஏறக்கொறைய கத்திட்டாரு. கா மணி நேரம் பேசுனமுங்க. ரகுபதியப் பத்தி அவரும் என்னைய மாதிரியேதான் நெனைக்கறாரு. எனக்கு அப்பறந்தான் ஞாபகம் வந்து, "சம்பந்தின்னு கூப்புட்டீங்களே"ன்னன்.

"பின்ன? சொல்லலீங்களா நானு? அன்னிக்குக் கார்லயே முடிவாயிருச்சுங்க. பசங்களுக்கும் சம்மதம். நாளு பாத்துட்டுச் சொல்லலாம்னா, எங்க ஜோசியரு மக பிரசவத்துக்கு சேலம் போயிட்டாரு. நேத்துத்தான் வந்தாரு. வர்ற மாசம் மொத வெள்ளி நல்லா இருக்குதாமா"ன்னாரு.

எப்படி இருக்குது பாருங்க! இருவது நாளு நா சோறு திங்காமக் கெடந்தது, அந்தாளு சேலத்துல இருந்ததுக்கு!

உடனே ருக்குமணிக்குப் போன் அடிச்சன். போஸ்டாபீசுல கூட்டம் போலிருக்குது, "என்னங்க?"ன்னு அவசரமாக் கேட்டா. நா எல்லாத்தையும் சொன்னன். சம்பந்தின்னு கூப்புட்டது, வெள்ளிக்கெழம, ஜோசியரு, ஆஸ்பத்திரி, செருப்பு எல்லாம். மூக்க உறிஞ்சற சத்தங் கேட்டுது. அழுகறாளாட்ட இருக்குதுன்னு நெனச்சன். இல்லீங்க, சிரிக்கறா! அடக்க முடியாம சிரிக்கறா. கவுண்டருக்கு அந்தப் பக்கம் யாரோ, "என்னம்மா, நல்ல சேதியா?"ன்னு கேக்கறது எனக்கே கேக்குது. அவ சிரிச்சு ஒரு மாசமாச்சுங்க. என்னையக் கேட்டீங்கன்னா, இன்னும் அதிகமாவே இருக்கும்.

நா சொன்னன், "ருக்கு, நா பண்ணுனது தப்பு." அவ்வளவுதான் சொன்னன். அந்தக் கடையில அத்தன பேருக்கு நடுவுல அதுக்கு மேல வரல.

அதுக்கு அவ, "அந்த வாசுகி யாருங்க?"ன்னு கேட்டா.

"ஊட்டுக்கு வந்து சொல்றன்"னன்.

"பாதியில இருந்து சொன்னா எனக்குப் புரியாது. மொதல்ல இருந்து சொல்லோணும். ஒண்ணு விடாம"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா.

கடைக்காரன் எல்லாத்தையும் கேட்டுட்டு நின்னிருப்பானாட்ட இருக்குது. "சார், இப்ப இந்த டி.வி. வேணுங்களா, வேண்டாங்களா?"ங்கறான். நா ரோசன பண்ணுனன். அட்டாலில கெடக்கற கேபிள் ஒயர எறக்கி மாட்டுனா, இதுல அந்த சீரியலு சாயங்காலம் ஏழரை மணிக்குத்தான் வருமாமா. ஒரு நாளைக்கு ஒண்ணுதான். அந்நேரம் ருக்குமணி ஊட்ல இருப்பா. "கட்டிக் குடுப்பா"ன்னன்.

ஒரே ஒரு சங்கடம். சம்பந்தி நானூத்தி எட்டுல நிக்கறாரு, நா நானூத்திப் பன்னண்டுல பாதியில நிக்கறன், டி.வி.ல இப்ப எத்தனையாவது போவுதோ தெரியல, இவ ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கோணும். ஒரு நாளைக்கு நா பத்து சொன்னாலும் கல்யாணத்துக்குள்ள முடியுமான்னு பாக்கோணும். இல்ல, சீரியல் மட்டமுங்க, அதுல மாத்தமில்ல. அவளுக்காகச் சொல்றது.

அட, கோபி வந்துருச்சா? பேச்சு சுவாரசியத்துல தெரியவே இல்ல. கண்டக்டரு, இருங்க இருங்க, பொட்டி இருக்குது! ஏனுங்க, அந்த முனைய ஒரு கை புடிங்க. பாத்து, பாத்து. அங்க நிக்கறா பாருங்க, எந்த பஸ்ஸுன்னு ஏறறப்பவே போன்ல சொல்லியிருந்தன், ஆபீசுல பர்மிசன் போட்டுட்டு வந்துட்டாளாட்ட இருக்குது, வண்டியோட. பச்சச் சீல. அவதானுங்க. வர்றனுங்க, நல்லபடியாப் போயிட்டு வாங்க.

ருக்கு, இத நடுவுல வெச்சு நா பொறத்தால புடிச்சுக்கறன், நீ மெதுவா ஓட்டு. உக்காந்துட்டன், உக்காந்துட்டன், கெளம்பு. கேக்குதா? அந்த வாசுகி இருக்கறால்ல, அவ மொதல்ல ஒரு பூக்கடையில மாலை கட்டிட்டு இருந்தா. அவங்கப்பனுக்குக் கண்ணு தெரியாது...